ஏற்காட்டை ஆள்வது யார்? லண்டன் சாசனத்தில் தொடங்கி தனி அலுவலரிடம் வந்து நிற்கும் 'உள்ளாட்சி' கதை

சேலம் அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் ஏரி, படகு, காபித் தோட்டம், குளிர்காற்று. ஏற்காடு என்றால் நம்மில் பலருக்கு இவ்வளவுதான். ஆனால், சேர்வராயன் மலையில் குடியிருக்கும் ஒருவருக்கு அது ஒரு ஊர். அங்கே தண்ணீர்க் குழாய் உடைந்தால் யாரிடம் போவது? மலைக்கிராமத்துக்கு ரோடு போடுவது யார் முடிவு? நிலத்தில் சுரங்கம் வரலாமா வேண்டாமா என்று சொல்லும் உரிமை யாருக்கு?

இந்தக் கேள்விகளுக்கான பதில் இன்றைக்கு எழுதப்பட்டது அல்ல. அதில் ஒரு பகுதி 800 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் எழுதப்பட்டது. இன்னொரு பகுதி 1874-இல், ஏற்காட்டின் பெயரே இல்லாத ஒரு பட்டியலில் எழுதப்பட்டது. எப்படி? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், ஆட்சி எத்தனை வகை?

பள்ளிக்கூடப் புத்தகம் சொல்வது எளிது. ஒருவர் ஆண்டால் முடியாட்சி. ஒரு சிலர் ஆண்டால் சிலராட்சி. மக்கள் ஆண்டால் மக்களாட்சி.

ஆனால் காலனி நாடுகளுக்கு வரும்போது இந்தக் கணக்கு குழம்பிவிடும். காரணம், ஆள்பவர் ஒரு நாட்டில், ஆளப்படுபவர் இன்னொரு நாட்டில். அதனால் அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. வரி போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அதைச் செலவு செய்யும் அதிகாரம் யாரிடம்? தவறு செய்தால் அவரை மாற்றும் அதிகாரம் யாரிடம்? இந்த மூன்றும் உள்ளூர் மக்களிடம் இருந்தால் அது சுயாட்சி. மூன்றும் வெளியாளிடம் இருந்தால் அது நிர்வாகம் மட்டும்தான். இந்த மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இங்கிலாந்தில் இது எப்படித் தொடங்கியது?

காசில்தான் தொடங்கியது. இடைக்கால இங்கிலாந்து மன்னர்களுக்குப் போர் நடத்தப் பணம் தேவைப்பட்டது. நகரத்து வியாபாரிகளிடம் பணம் இருந்தது. 'பணம் தருகிறோம், பதிலுக்கு எங்கள் ஊரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று நகரங்கள் பேரம் பேசின. மன்னர் கொடுத்த எழுத்துபூர்வமான உரிமைதான் சாசனம். 1215 மே மாதம் ஜான் மன்னர் கொடுத்த சாசனத்தின்படி, ஆண்டுதோறும் மேயரைத் தேர்வு செய்யும் உரிமை லண்டன் நகரத்துக்குக் கிடைத்தது.

அடுத்த மாதமே பிரபுக்களின் நெருக்கடியில் அதே மன்னர் 'மாக்னா கார்ட்டா'வை ஏற்றார். நாட்டின் பொது ஆலோசனை இல்லாமல் சில வரிகளை விதிக்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. அன்றைக்கு அது பிரபுக்களுக்கான பாதுகாப்பு. சாதாரண விவசாயிக்கு அதில் பெரிதாக எதுவும் இல்லை. ஆனாலும் 'சம்மதம் இல்லாமல் வரி இல்லை' என்ற விதை அங்கே விழுந்தது. பின்னாளில் நாடாளுமன்றம் பலம் பெற்றதும் இந்த ஒரு பிடியை வைத்துத்தான்.

இதை 'வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஜனநாயகம்' என்று மட்டும் புரிந்துகொள்ள வேண்டாம். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டுகள் 10-ஆம் நூற்றாண்டிலேயே குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. அங்கேயும் நிலமும் கல்வியும் உள்ளவர்களுக்குத்தான் இடம். அதாவது லண்டனிலும் சரி, உத்திரமேரூரிலும் சரி, ஆரம்பகாலச் சுயாட்சி எல்லோருக்குமான சுயாட்சி இல்லை.

கடல் தாண்டியதும் மூன்று வகை ஆனது

ஆங்கிலேயர்கள் அமெரிக்காவில் குடியேறியபோது காலனி ஆட்சி மூன்று வடிவம் எடுத்தது.

• சாசனக் காலனி: மன்னர் கொடுத்த சாசனத்தின் பேரில் ஒரு நிறுவனமோ குடியேறிகளோ நடத்துவது. 1629 சாசனத்தின்படி உருவான மாசசூசெட்ஸ் இந்த வகை.

• உரிமையாளர் காலனி: மன்னர் தனி ஒருவருக்கு எழுதிக் கொடுப்பது. 1681-இல் வில்லியம் பென்னுக்குக் கிடைத்த பென்சில்வேனியா இதற்கு உதாரணம்.

• அரச காலனி: மன்னர் நியமிக்கும் ஆளுநர் நேரடியாக ஆள்வது. ஒரு கம்பெனியிடம் இருந்த வர்ஜீனியா 1624-இல் இந்த வகைக்கு மாறியது.

வர்ஜீனியாவில் 1619-லேயே குடியேறிகள் தேர்ந்தெடுத்த ஒரு சபை கூடிவிட்டது. அந்தப் பழக்கம்தான் பின்னாளில் 'எங்களுக்குப் பிரதிநிதி இல்லாத நாடாளுமன்றம் எங்கள் மீது வரி போடக் கூடாது' என்ற அமெரிக்கக் கிளர்ச்சியாக வெடித்தது. ஆனால் அங்கிருந்த பூர்வகுடிகளுக்கும், அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்கும் அந்தச் சபையில் இடமில்லை. சுயாட்சி என்பது குடியேறிய ஆங்கிலேயருக்கு மட்டும்.

சென்னைக்கு வந்த லண்டன் மாடல்

இந்தியாவுக்கு வந்ததும் ஒரு கம்பெனிதான். 1600-இல் சாசனம் பெற்ற கிழக்கிந்திய கம்பெனி. 1687 டிசம்பர் 30-ஆம் தேதியிட்ட சாசனத்தின்படி, 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியது. மேயர், 12 ஆல்டர்மேன்கள், 60 பர்கெஸ்கள் என அப்படியே ஆங்கிலேய நகரத்தின் அச்சு. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். ஆல்டர்மேன்களில் இந்தியர்களும் இருந்தார்கள்.

கேட்க நல்லா இருக்கு, இல்லையா? ஆனால் நோக்கம் என்ன? கம்பெனி நேரடியாக வரி கேட்டால் ஊர் மக்கள் தரவில்லை. தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டால் மனமுவந்து தருவார்கள் என்பது லண்டனில் இருந்த கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்டின் கணக்கு. அந்தக் கணக்கும் பலிக்கவில்லை. மாநகராட்சி வந்த பிறகும் மக்கள் புது வரிகளை எதிர்க்கத்தான் செய்தார்கள்.

இங்கதான் வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். லண்டன்காரர்கள் பணம் கொடுத்து உரிமையை வாங்கினார்கள். சென்னையில் பணம் வாங்குவதற்காக உரிமை கொடுக்கப்பட்டது. வடிவம் ஒன்றுதான், திசைதான் தலைகீழ். இந்தியாவின் உள்ளாட்சி வரலாறு முழுக்க இந்தத் திசை தொடர்ந்து வருவதைப் பார்க்கலாம்.

சரி, சேர்வராயன் மலைக்கு என்ன வந்தது?

மலைக்கு மேயர் வரவில்லை. கலெக்டர் வந்தார்.

வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே இந்த மலைக்கு ஒரு நிர்வாக அமைப்பு இருந்தது. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ்) மலையைச் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என மூன்று நாடுகளாகப் பிரித்திருந்தார்கள். பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் போன்ற பதவிகள் இருந்தன. குடும்பச் சண்டை, திருமணம், திருவிழா, அபராதம் என ஊர் விவகாரங்கள் அங்கே பேசித் தீர்க்கப்பட்டன. இது தேர்தல் ஜனநாயகம் இல்லை; தலைமை பெரும்பாலும் பரம்பரையாக வந்தது, பெண்களுக்குப் பேச்சுரிமை குறைவு. ஆனால் முடிவெடுத்தவர்கள் மலையிலேயே இருந்தார்கள்.

1792-இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையில் சேலம் பகுதி கம்பெனி கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடித்தளம் போட்டார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபிப் பயிரை அறிமுகப்படுத்தினார். அதன்பின் மலை தோட்ட முதலாளிகளின் ஊராகவும் மாறியது.

வரி போடுவது கலெக்டர். வசூலிப்பது கலெக்டர். குற்றவியல் நீதியும் அவர் கையில். அவரை மாற்றும் அதிகாரம் மலைக்காரருக்கு இல்லை. நாம் தொடக்கத்தில் வைத்த மூன்று கேள்விகளுக்கும் பதில் ஒன்றே: வெளியாள்.

இதே காலகட்டத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது தெரியுமா? 1832-இல் வாக்குரிமை விரிவாக்கப்பட்டது. 1835-இல் நகராட்சிகள் சீர்திருத்தப்பட்டு, வரி கட்டுபவர்கள் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 1839-இல் டர்ஹாம் பிரபுவின் அறிக்கை, கனடாவில் சட்டசபைக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்றது. ஒரே பேரரசு, ஆனால் அளவுகோல் வேறு வேறு.

ரிப்பன் வந்தார்... சேலத்தில் ஒரு வழக்கும் வந்தது

மலையடிவாரத்தில் சேலம் நகராட்சி 1866-இல் உருவானது. அந்தக் காலத்து நகராட்சிகளில் கலெக்டரே தலைவர். 1882 மே மாதம் வைஸ்ராய் ரிப்பன் பிரபு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். உள்ளாட்சி அமைப்புகளில் அதிகாரிகள் அல்லாதவர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும், முடிந்தவரை தலைவரும் அதிகாரியாக இருக்கக் கூடாது என்றது அந்தத் தீர்மானம். நிர்வாகம் உடனே திறமையாக நடக்கும் என்பதற்காக அல்ல, மக்கள் அரசியல் பழக வேண்டும் என்பதற்காகவே இது என்பது அவர் வாதம். சென்னை மாநகராட்சிக் கட்டடத்துக்கு ரிப்பன் பெயர் வந்தது சும்மா இல்லை.

1884-இல் சென்னை மாகாணத்தில் மாவட்ட போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என மூன்றடுக்கு முறை வந்தது.

இந்த நேரத்தில் சேலத்தில் நடந்த ஒரு விஷயம் முக்கியமானது. வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார் சேலம் நகராட்சி உறுப்பினர். 1882-இல் நகரில் நடந்த கலவரத்தைத் தூண்டியதாக அவர் மீது வழக்கு போடப்பட்டது. 10 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. நகராட்சிப் பதவியும் பறிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் விடுதலை பெற்ற அவர், அத்தோடு விடவில்லை. பதவியைப் பறித்தது தவறு என்று அரசாங்கத்தின் மீதே வழக்கு போட்டு வென்றார். பதவியும் திரும்பக் கிடைத்தது, 100 ரூபாய் நஷ்ட ஈடும் கிடைத்தது.

100 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் அந்தத் தீர்ப்பின் பொருள் பெரியது. கவுன்சிலர் பதவி என்பது அரசாங்கம் நினைத்தால் கொடுத்து, நினைத்தால் பிடுங்கிக்கொள்ளும் பிச்சை இல்லை என்று ஒரு சேலத்துக்காரர் நீதிமன்றத்தில் நிரூபித்தார். அதே விஜயராகவாச்சாரியார்தான் 1920-இல் நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அந்த மாநாட்டில்தான் 'சுயராஜ்யம்' காங்கிரஸின் குறிக்கோள் ஆனது. சேலம் நகராட்சியின் இன்னொரு முகம் ராஜாஜி. 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தவர், 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார்.

ஆனால் மலைக்கு ஓட்டு வந்ததா?

வந்தது, ஆனால் முதலில் முதலாளிக்கு. 1919 சட்டத்தின்படி அமைந்த சென்னை சட்டசபையில் தோட்ட முதலாளிகளுக்கு என்றே தனி இடம் ஒதுக்கப்பட்டது. தோட்டத்தில் காபி பறித்த தொழிலாளிக்கு அப்படி ஓர் இடம் இல்லை. சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு.

அந்தச் சட்டம் கொண்டுவந்ததுதான் 'இரட்டை ஆட்சி'. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை இந்திய அமைச்சர்களிடம். நிலவரி, போலீஸ், நிதி ஆளுநரின் பிடியில். பொறுப்பு இந்தப் பக்கம், பணப்பெட்டி அந்தப் பக்கம்.

ஒரே காபி, இரண்டு சட்டம்

இப்போது வருவதுதான் இந்தக் கதையின் திருப்பம்.

1874-இல் ஆங்கிலேய அரசு 'பட்டியல் மாவட்டங்கள் சட்டம்' கொண்டுவந்தது. பழங்குடிகள் வாழும் சில பகுதிகளுக்குப் பொதுச் சட்டங்கள் தானாகப் பொருந்தாது. அங்கே தனி அதிகாரி ஆள்வார் என்றது அந்தச் சட்டம். சென்னை மாகாணத்தில் விசாகப்பட்டினம், கோதாவரி, கஞ்சம் மாவட்டங்களின் மலைப்பகுதிகள் அந்தப் பட்டியலில் இருந்தன. சேர்வராயன் மலை இல்லை. 1935 சட்டத்தின் கீழ் 'ஓரளவு விலக்கப்பட்ட பகுதி'கள் அறிவிக்கப்பட்டபோதும் ஏற்காடு அதில் வரவில்லை.

அன்றைக்கு அந்தப் பட்டியலில் இருப்பது பெருமை இல்லை. 'நீங்கள் சுயாட்சிக்குத் தயாராகவில்லை' என்பதுதான் அதன் அர்த்தம். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு, பெரும்பாலும் அதே பகுதிகள்தான் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் ஆயின. 1996-இல் அந்தப் பகுதிகளுக்காகவே 'பெசா' என்ற பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் வந்தது.

பெசா என்ன தருகிறது?

• நிலம் கையகப்படுத்தும் முன் கிராம சபையிடமோ உரிய அளவிலான பஞ்சாயத்திடமோ கலந்தாலோசிக்க வேண்டும்.

• சிறு கனிமங்களுக்கு உரிமம் தர அவற்றின் பரிந்துரை வேண்டும்.

• சிறு வன விளைபொருட்களின் உரிமை கிராம சபைக்கும் பஞ்சாயத்துக்கும்.

• பழங்குடி நிலம் கைமாறுவதைத் தடுக்கவும், பறிபோனதை மீட்கவும் அதிகாரம்.

இதை ஒரு ஒப்பீட்டில் பார்த்தால் பளிச்சென்று புரியும். ஆந்திராவின் அரக்கு மலையும் ஏற்காடும் ஒரு காலத்தில் ஒரே சென்னை மாகாணம். இரண்டிலும் காபி விளைகிறது. இரண்டிலும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அரக்கு ஐந்தாம் அட்டவணைப் பகுதி. அங்கே பெசா உண்டு. அந்த மலைத்தொடரில் தனியார் சுரங்கக் குத்தகைக்கு எதிராக 'சமதா' அமைப்பு தொடுத்த வழக்கில், அட்டவணைப் பகுதியில் அரசு நிலத்தைக்கூட பழங்குடி அல்லாதவருக்குச் சுரங்கத்துக்குக் குத்தகை விட முடியாது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சேர்வராயன் மலையிலும் பாக்சைட் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இங்கே அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. ஏனென்றால் தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை.

அன்று 'தயாராகவில்லை' என்று ஒதுக்கப்பட்ட மலைக்கு இன்று சட்டப்படி கூடுதல் அதிகாரம். அன்று ஒதுக்கப்படாத மலைக்குச் சாதாரண பஞ்சாயத்து. மக்கள் யார், தேவை என்ன என்பதை வைத்து அல்ல, 1874-இல் யாரோ போட்ட கோட்டை வைத்து.

இன்றைய ஏற்காட்டில் ஆட்சி எப்படி இருக்கிறது?

ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில் 9 கிராம ஊராட்சிகள். 1992-இல் நிறைவேறிய 73-வது திருத்தமும், 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும்தான் அவற்றுக்கு அடிப்படை. சட்டமன்றத்தில் ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் அப்படி ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு: ஏற்காடும் சேந்தமங்கலமும்.

ஐந்தாம் அட்டவணை தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: பழங்குடியினர் ஆலோசனைக் குழு. அதிகபட்சம் 20 உறுப்பினர்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பழங்குடி எம்.எல்.ஏ.க்களாக இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டே தனித் தொகுதிகள் உள்ள மாநிலத்தில் அந்த எண்ணிக்கைக்கு எங்கே போவது? மீதி இடங்களைப் பழங்குடியினரைக் கொண்டே நிரப்பலாம் என்று அட்டவணை சொல்கிறது. ஆனால் பெயரிலேயே இருக்கிறது, அது ஆலோசனைக் குழு. முடிவெடுக்கும் குழு இல்லை.

சரி, இருக்கிற சாதாரண பஞ்சாயத்தாவது ஒழுங்காக நடக்கிறதா? உள்ளாட்சித் தேர்தலை ஐந்து ஆண்டு முடிவதற்குள் நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243-இ பிரிவு. ஆனால் தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். நடுவில் மூன்று ஆண்டுகள் தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாததால் மத்திய அரசின் உள்ளாட்சி மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு சேலம் உட்பட 28 மாவட்டங்களில் முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்கள்.

தனி அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். வேலையும் நடக்கலாம். காக்பர்ன் காலத்திலும் மலையில் வேலை நடந்தது. ஆனால் நம் மூன்றாவது கேள்வியை இப்போது கேட்டுப் பாருங்கள். தவறு செய்தால் அவரை மாற்றும் அதிகாரம் யாரிடம்? ஊர்க்காரரிடம் இல்லை.

அப்படின்னா ஏற்காட்டுக்காரர் கையில் என்னதான் இருக்கு?

இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, கிராம சபை. தேர்தல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். தீர்மானம் கொண்டுவரலாம். பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வருவது நல்லது.

இரண்டு, 2006 வன உரிமைச் சட்டம். இதற்கு ஐந்தாம் அட்டவணை தேவையில்லை. நாடு முழுவதும் பொருந்தும். காட்டு நிலத்தில் யாருக்கு என்ன உரிமை என்ற கோரிக்கையைப் பெற்று, பரிசீலித்து, முதல் தீர்மானம் போடும் அதிகாரம் இந்தச் சட்டத்தில் கிராம சபைக்குத்தான். பெசா இல்லாத மலையில் பழங்குடி மக்களிடம் இருக்கும் வலுவான ஆயுதம் இது.

இதைத் தாண்டி, பழங்குடியினர் வாழும் மலைகளை ஐந்தாம் அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையும் இருக்கிறது. அட்டவணைப் பகுதியை அறிவிக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு உண்டு. 1874-இல் விட்டுப்போனதால் இன்றும் விட்டுப்போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அடுத்த முறை 20 வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போகும்போது, ஏரிக்கரையில் டீ குடித்துக்கொண்டே அங்கே இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 'உங்க பஞ்சாயத்துத் தலைவர் யாருங்க?' பதிலாக ஒரு பெயர் வந்தால் மலையில் உள்ளாட்சி இருக்கிறது. ஒரு அதிகாரியின் பதவி வந்தால், இருப்பது நிர்வாகம் மட்டும்.